ஊதினால்தான் ஓடும் கார்

காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகுகிறீர்கள். எஞ்சின் உறுமவில்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் அருகே சுருள் கம்பியில் தொங்கும் சிறு கருவி ஒன்று, 'ஊது' என்று கட்டளையிடுகிறது. அதன் குழாயில் வாயை வைத்துச் சில நொடிகள் ஊதுகிறீர்கள். கருவி உங்கள் மூச்சைச் சோதித்து, 'சரி' என்று சொன்னால்தான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் போகும். இல்லையென்றால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இது கதையன்று. அமெரிக்காவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்ற பலர் இப்படித்தான் தினமும் காலையில் வேலைக்குப் புறப்படுகிறார்கள். இக்கருவியை நாம் 'மூச்சுப் பூட்டு' என்று அழைப்போம். 1986-ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலம் இதற்கென முதற் சட்டத்தை இயற்றியது. 2005-இல் நியூ மெக்சிகோ மாநிலம், முதல் தடவை தண்டனை பெற்றவர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

குடித்துவிட்டு ஓட்டியவரின் உரிமத்தைப் பறிப்பது எளிது. அதை அவருக்குத் திருப்பித் தருவதுதான் கடினம். இவர் மீண்டும் குடித்துவிட்டு ஓட்டமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? அப்படியே ஓட்டி யாரையாவது மோதிவிட்டால், அடிபட்டவருக்குப் பணம் கொடுப்பது யார்? முதல் கேள்விக்கு வேதியியலும், இரண்டாவதற்குக் கணிதமும் விடை தேடியிருக்கின்றன. அமெரிக்காவில் இவ்விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். ஆகையால் கலிபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

குருதியில் இருப்பது மூச்சில் தெரிவதேன்?

குடித்த ஆல்கஹாலுக்குச் செரிமானம் தேவையில்லை. அது சிறுகுடலின் சுவர் வழியே நேராகக் குருதியில் கலந்துவிடுகிறது. குருதி நுரையீரலின் நுண்ணறைகளைச் சுற்றி ஓடும்போது, அதிலுள்ள ஆல்கஹாலில் ஒரு பகுதி ஆவியாகி மூச்சுக் காற்றில் கலக்கிறது. நீர்மத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற விகிதத்தில்தான் அதன்மேல் உள்ள காற்றிலும் இருக்கும் என்ற ஹென்றியின் விதியைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அதே விதிதான் இங்கும். ஏறத்தாழ 2,100 மில்லிலிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹால், ஒரு மில்லிலிட்டர் குருதியில் உள்ள ஆல்கஹாலுக்குச் சமம் என்று கொண்டே கருவிகள் கணக்கிடுகின்றன. ஆளுக்கு ஆள் இந்த விகிதம் சற்றுக் கூடக் குறைய இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான்.

கலிபோர்னியாவில் வயதுவந்த சாதாரண ஓட்டுநருக்கு வரம்பு 0.08 சதவீதம். அதாவது, 100 மில்லிலிட்டர் குருதியில் 80 மில்லிகிராம் ஆல்கஹால். யூட்டா மாநிலம் 2018-இன் இறுதியில் இதை 0.05 ஆகக் குறைத்தது. இந்தியாவில் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம்தான். இந்த வகையில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கண்டிப்பானது!

வரம்பு ஏதோ மனம்போனபடி வைத்த எண்ணன்று. இந்தியானா மாநிலக் காவல்துறையில் பணியாற்றிய ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954-இல் 'பிரெத்தலைசர்' என்னும் மூச்சுச் சோதனைக் கருவியை அமைத்தார். பொட்டாசியம் டைகுரோமேட்டின் மஞ்சள் நிறம் ஆல்கஹால் பட்டதும் மங்குவதை ஒளிமின்கலத்தால் அளப்பது அதன் தத்துவம். பிறகு 1962-63-இல், மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களின் மூச்சையும், அதே போன்ற நேரத்தில் அதே போன்ற சாலைகளில் விபத்தின்றிச் சென்றவர்களின் மூச்சையும் ஆயிரக்கணக்கில் சேகரித்து அவர் ஒப்பிட்டார். குருதியில் ஆல்கஹால் 0.10 சதவீதம் இருந்தால் விபத்து வாய்ப்பு ஆறேழு மடங்கு, 0.15 ஆனாலோ 25 மடங்கு! அளவு ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. ஆபத்தோ நான்கு மடங்கு போல ஏறிவிடுகிறது. வரைபடம் போட்டுப் பாருங்கள், நேர்கோடு வராது.

இரவுக் குடியும் காலைக் காரும்

மூச்சுப் பூட்டு பொருத்திய ஒருவர் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "நேற்று இரவு குடித்தேன், உண்மைதான். நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டேன். இப்போதும் கார் கிளம்ப மறுக்கிறதே!" இது கருவியின் கோளாறா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

எரிக் விட்மார்க் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் இதற்கு வழி காட்டியிருக்கிறார். ஆல்கஹால் உடலின் நீர்ப்பகுதியில்தான் பரவும். ஆகவே ஆணின் எடையை ஏறத்தாழ 0.68-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். நம் ஆளின் எடை 70 கிலோ என்றால், 47.6 கிலோ. அவர் ஆறு டப்பா பீர் குடித்தார். 355 மில்லிலிட்டர் கொண்ட சாதாரண டப்பா ஒன்றில் 14 கிராம் ஆல்கஹால் இருக்கும். ஆறுக்கு 84 கிராம். 84-ஐ 47,600-ஆல் வகுத்தால் 0.176 சதவீதம் வருகிறது. கல்லீரல் இதை மணிக்கு ஏறத்தாழ 0.015 என்ற வேகத்தில் எரிக்கிறது. காபி குடித்தாலும், குளிர்ந்த நீரில் தலையை நனைத்தாலும் அந்த வேகம் கூடாது.

இரவு 10 மணிக்குக் குடிக்கத் தொடங்கினார் என்று வையுங்கள். காலை 6 மணிக்குள் எட்டு மணி நேரத்தில் 0.12 எரிந்துவிடும். மீதி 0.056. சாலை வரம்பான 0.08-க்கு இது கீழே. ஆனால் மூச்சுப் பூட்டு 0.02, 0.03 அளவிலேயே காரை மறித்துவிடும். 0.03-க்கும் கீழே இறங்க, காலை ஏழே முக்கால் ஆகிவிடும். ஆக, கருவி பொய் சொல்லவில்லை. 'தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்' என்று நாம் வழக்கமாகச் சொல்லிவருவதுதான் பொய்.

பூட்டின் உள்ளே என்ன இருக்கிறது? பிளாட்டினம் பூசிய இரு முகங்களும், அவற்றிடையே அமிலம் ஊறிய நுண்துளைத் தட்டும் கொண்ட எரிபொருள் மின்கலம். அதில் பட்ட ஆல்கஹால் அசெட்டிக் அமிலமாக மாறுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் மாறும்போது நான்கு எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. ஆல்கஹால் எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம். குடித்தவனின் மூச்சே மின்சாரம் உண்டாக்கி அவனைக் காட்டிக் கொடுக்கிறது என்றால் வேடிக்கையாக இல்லையா? வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஆல்கஹால் இருந்தால் அதற்கும் கருவி கூச்சலிடும். ஆனால் அது வாயில் ஒட்டியிருப்பது மட்டுமே. வாயை நீரால் அலசிவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்து ஊதினால் போய்விடும். குருதியில் இருப்பது அப்படிப் போகாது.

மனித மூளை சும்மா இருக்குமா? நண்பனை ஊதச் சொன்னார்கள். பலூனில் காற்றைப் பிடித்து வைத்தார்கள். இதற்காகவே ஊதும்போது முனகச் சொல்லியும், ஊதியபின் உறிஞ்சச் சொல்லியும் கருவிகள் கேட்கின்றன. சிலவற்றில் படம்பிடிக்கும் காமிராவும் உண்டு. வண்டி கிளம்பிச் சில நிமிடங்களில் மறுபடியும் ஊதச் சொல்லும். பின்னும் அவ்வப்போது கேட்கும். ஓடும்போது தவறினால் எஞ்சினை அது நிறுத்துவதில்லை. நெடுஞ்சாலை நடுவே எஞ்சின் நின்றால் அதுவே விபத்தாகிவிடுமல்லவா? அதற்குப் பதில் தவற்றைக் குறித்து வைத்துக்கொள்கிறது.

காப்பீடு எனும் கதவு

கைதானவுடன் கலிபோர்னியாவில் இரண்டு சக்கரங்கள் தனித்தனியே சுழலத் தொடங்குகின்றன. ஒன்று நீதிமன்றம், மற்றது மோட்டார் வாகனத் துறை. அதிகாரி தரும் தற்காலிகத் தாள் 30 நாள் செல்லும். துறையிடம் விசாரணை கோர 10 நாள்தான் அவகாசம். இதை அறியாமல், நீதிமன்றத் தேதி வரட்டும் என்று காத்திருந்து வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. 21 வயதுக்கு மேற்பட்டவர், முதல் தடவை, 0.08 அல்லது அதற்கு மேல் என்றால் துறை நான்கு மாதம் உரிமத்தை நிறுத்திவைக்கும். கைதானபின் சோதனைக்கே உடன்பட மறுத்தால் ஓராண்டு.

திரும்பப் பெற வேண்டுமானால், மதுப் பாதிப்பு பற்றிய பயிற்சி வகுப்பில் சேர வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'எஸ்.ஆர்.22' என்ற சான்றைத் துறையிடம் சேர்க்க வேண்டும். பலர் இதைத் தனி இன்ஷூரன்ஸ் என்று நினைக்கிறார்கள். அது இன்ஷூரன்ஸே அன்று. இவருக்குச் சட்டப்படியான காப்பீடு இருக்கிறது என்று கம்பெனி துறைக்கு எழுதித் தரும் உறுதிச்சீட்டு. மூன்று ஆண்டுகள் அது அறுபடாமல் இருக்க வேண்டும். பிரீமியம் கட்டத் தவறிக் காப்பீடு ரத்தானால் கம்பெனியே துறைக்குத் தெரிவித்துவிடும். உரிமம் மறுபடியும் போய்விடும். சொந்தக் கார் இல்லாதவரும் இதிலிருந்து தப்ப முடியாது. கார் இல்லாத ஓட்டுநருக்கென்று தனிப் பாலிசி விற்கிறார்கள்.

2025 ஜனவரி முதல் அங்கே குறைந்த அளவுக் காப்பீடு, காயமுறும் ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் பலர் காயமுற்றால் மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அதற்குமுன் இவை 15,000, 30,000, 5,000 என்றே இருந்தன. அமெரிக்க மருத்துவமனைச் செலவை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகைகூடப் போதாது என்பது புரியும்.

பிரீமியம் எவ்வளவு கூடும்? 1988-இல் கலிபோர்னிய மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய '103-ஆம் முன்மொழிவு' என்னும் சட்டப்படி, கட்டணத்தை முடிவு செய்யும்போது கம்பெனிகள் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுநரின் பழைய வரலாற்றை. ஒழுங்காக ஓட்டுபவருக்கு 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவருக்குப் பத்தாண்டுக் காலம் அந்தத் தள்ளுபடி கிடையாது. 80 டாலர் கட்டியவர் இப்போது 100 டாலர் கட்ட வேண்டும். அதாவது அவர் கணக்கில் 25 சதவீத உயர்வு. இது தள்ளுபடி போனதால் மட்டும் வருவது. தண்டனைக்காகக் கம்பெனி கூட்டுவது தனி. எந்தக் கம்பெனியும் ஏற்க மறுத்தால், வணிக அளவுக்கேற்பக் கம்பெனிகளுக்கிடையே இத்தகையோரைப் பங்கிட்டுத் தரும் திட்டமும் இருக்கிறது. அங்கே கட்டணம் மலிவாக இராது.

கணக்கு நியாயமானதுதான். ஆனால் இதில் ஒரு முடிச்சு இருப்பதை நான் சுட்டிக்காட்ட வேண்டும். பஸ் வசதி அருமையான ஊரில் கார் இல்லாமல் கூலி வேலைக்குப் போக முடியாது. பிரீமியம் கட்டாதவர் சான்றை இழக்கிறார். சான்றை இழந்தவர் உரிமத்தை இழக்கிறார். உரிமம் இழந்தும் ஓட்டுகிறார். அப்போது அவர் மோதினால், அடிபட்டவருக்கு ஒன்றுமே கிடைக்காது. யாரைக் காக்க வேண்டுமென்று சட்டம் போட்டார்களோ அவரே கைவிடப்படுகிறார்! 2019-இல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் இந்த முடிச்சைச் சற்றே அவிழ்க்க முயன்றது. முதல் குற்றவாளி விரும்பினால் மூச்சுப் பூட்டைப் பொருத்திக்கொண்டு காத்திருக்காமலே ஓட்டலாம் என்றது. மிக ஏழைகள் பூட்டுக்கான செலவில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றும் சொன்னது. உரிமத்தை மட்டும் பறித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதைவிட இது புத்திசாலித்தனம் என்பேன்.

பூட்டு பயன் தருகிறதா? 2011-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, 15 ஆய்வுகளை ஒருசேர ஆராய்ந்தது. பூட்டு பொருத்தியிருக்கும் காலத்தில் மறுபடியும் கைதாவது, இடைநிலை மதிப்பில் 67 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் பூட்டைக் கழற்றியபின்? பூட்டே பொருத்தாதவர்களின் அளவுக்கே அது திரும்பிவிட்டது. கருவி காரைத்தான் பூட்டுகிறது. குடியை நிறுத்தும் சிகிச்சை தனியாகத்தான் நடக்க வேண்டும்.

தண்டனை பெற்றவர் காரில் மட்டும் என்ன, எல்லாக் கார்களிலுமே வைத்துவிட்டால் என்ன என்ற யோசனையும் எழுந்தது. 2021 நவம்பரில் அமெரிக்கா இயற்றிய சட்டம், புதிய கார்களுக்கு இத்தகைய தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக்கும் விதியை வகுக்குமாறு போக்குவரத்துத் துறையைப் பணித்தது. குழாயில் ஊதத் தேவையில்லாமல், ஓட்டுநர் இயல்பாக விடும் மூச்சையோ, விரல் நுனியில் பாயும் அகச்சிவப்பு ஒளியையோ கொண்டு அளக்கும் கருவிகளுக்கான ஆராய்ச்சி 2008 முதலே நடந்துவருகிறது. இங்கே வேறொரு கணக்கு குறுக்கிடுகிறது. 99.9 சதவீதம் சரியாகக் கணிக்கும் கருவிகூட, குடிக்காமல் கார் எடுக்கும் ஆயிரம் பேரில் ஒருவரை நிறுத்திவிடும். நாடு முழுவதும் தினந்தோறும் கோடிக்கணக்கான தடவை கார் கிளப்பப்படுகிறது. ஒவ்வொரு கோடிக்கும் பத்தாயிரம் பேர், ஒரு துளியும் குடிக்காமலே, ஓடாத காரில் உட்கார்ந்திருப்பார்கள்.