ஊருக்கு ஒன்பது கிணறு!

புள்ளியியல் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சார்! பி.காம். படித்தவன் சொல்கிறேன், ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

எங்கள் வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. (தொழிற்சாலைக்கு 10,000 ரூபாய் அபராதம்!) அந்தத் தீர்ப்பில் இன்னொரு தோல் ஊரான திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களின் கணக்கும் வருகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன.

350-ஐ 467-ஆல் வகுங்கள். கிட்டத்தட்ட முக்கால். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிணற்றில் வாளியை விட்டால், நாலுக்கு மூன்று கெட்ட தண்ணீர்தான். நிகழ்தகவு என்று பயமுறுத்துகிறார்களே, அது இவ்வளவுதான்!

டீக்கடை பாயிடம் இதைச் சொன்னேன். மனக்கணக்கில் புலி அவர்.

"மிச்சம் 117. பதிமூணு ஊருக்குப் பிரிச்சா ஊருக்கு ஒம்பது நல்ல கிணறு. போதாதா சார்?"

"சராசரி அப்படித்தான் சொல்லும் பாய். ஒரு ஊர்ல முப்பது, இன்னொண்ணுல சைபர்னு இருந்தாலும் அதே ஒம்பதுதான் வரும்!"

இன்னொன்றும் உண்டு. காசு சுண்டினால் முதலில் விழுந்த தலை அடுத்ததைப் பாதிக்காது. கிணறு அப்படியா? பூமிக்கடியில் ஊற்று ஒன்றுதானே! பக்கத்து வீட்டுக் கிணறு கெட்டால் உங்கள் கிணறும் கெட வாய்ப்பு ஏறிவிடும்.

பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "சைபர் ஊர்க்காரன் எந்த ஊர்ல போய் சார் தண்ணி கேப்பான்?"