மேக்கில் ஓடும் ஸ்கிரிப்ட் சர்வரில் தப்பாவது ஏன்? எந்த ஷெல் யாருக்கு?

டெர்மினலில் நீங்கள் தட்டும் கட்டளைகளைப் புரிந்து செயல்படுத்துவது ஷெல். 2019 முதல் மேக்கில் வருவது இசட்-ஷெல். உபுண்டு லினக்ஸில் பேஷ்.

தினசரி வேலைக்கு?

உங்க இஷ்டம்! தட்டும்போதே மிச்சக் கட்டளையை ஊகித்துக் காட்டும் ஃபிஷ், புதியவர்களுக்கு ரொம்ப வசதி.

ஸ்கிரிப்ட் எழுத?

பேஷ்தான் கைகொடுக்கும். சிங்கப்பூர்த் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் நிலையத்தின் கணினிகளிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஃபிஷின் இலக்கணமே வேறு. இசட்-ஷெல்லில் இன்னொரு சிக்கல்: பட்டியலின் முதல் பொருளை அது 1 என்று எண்ணும், பேஷ் 0 என்று எண்ணும். பிழைச் செய்தியே வராமல் விடை மாறிப்போகலாம்!

அதனால் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எந்த ஷெல் என்று குறிப்பிடுங்கள். எங்கே ஓட வேண்டுமோ, அங்கேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.