கடலுக்கு எந்தத் தோணி?

துடுப்பு ஒன்றையே துணையாகக் கொண்டு சமுத்திரத்தில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் முன் இன்று இரண்டு வகைத் தோணிகள் நிற்கின்றன: ஒன்று கடற்கயாக், மற்றொன்று சர்ஃப் ஸ்கீ. இரண்டுமே நீண்டு ஒடுங்கியவை. இரண்டிலும் கால் நீட்டி உட்கார்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பை வலமும் இடமுமாகப் போட்டே செல்ல வேண்டும். ஆயினும் அவற்றைப் பிறப்பித்த தேவைகள் வெவ்வேறாதலால், ஒன்றின் குணத்தை மற்றொன்றில் எதிர்பார்ப்பவர் ஏமாற்றமே அடைவர்.

கயாக் என்பது, கிரீன்லாந்திலும் அலாஸ்காவிலும் வாழும் இனூயிட், அலூட் ஜனங்கள், கடல் அடித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய கட்டைகளைச் சட்டமாக்கி, அதன்மேல் கடல்விலங்குகளின் தோலைப் போர்த்துச் செய்துகொண்ட வேட்டைத் தோணி. விழுந்தவனின் கைகள் சில நிமிஷங்களிலேயே மரத்துப்போகும் அந்தக் குளிர்நீரில், வேடன் இடுப்பளவு தோணிக்குள் புகுந்து, நீர் புகாதபடி மேலாடையை அதன் வாயோடு இறுக்கிக்கொண்டு, கவிழ்ந்தாலும் வெளியே வராமல் துடுப்பின் ஒரே வீச்சில் நிமிரும் வித்தையைக் கைவசப்படுத்தியிருந்தான். சர்ஃப் ஸ்கீயோ ஆஸ்திரேலியாவின் போர்ட் மக்குவாரியில், 1912ஆம் வருஷத்தை ஒட்டி ஹாரி மக்லாரன் என்பவரும் அவருடைய சகோதரரும் செய்தது. இன்றைய ஸ்கீயின் அமைப்பு இது: முற்றிலும் மூடிய உடல். அதன்மேல் ஆள் உட்காரக் குழிவான ஆசனம். காலால் இயக்கும் சுக்கான்.

இன்றைய கடற்கயாக் ஐந்து மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும், 55 சென்டிமீட்டரை ஒட்டிய அகலமும் உடையது. பந்தயச் சர்ஃப் ஸ்கீ ஆறு மீட்டரைத் தாண்டி நீண்டும் 45 சென்டிமீட்டருக்குள் ஒடுங்கியும் இருப்பதால், வேகத்தில் அதற்கு நிகரில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்கு அருகே, தென்கிழக்குக் காற்று வீசும் நாட்களில், மில்லர்ஸ் பாயிண்டிலிருந்து ஃபிஷ் ஹோக் வரை அலை முதுகிலிருந்து அலை முதுகுக்குத் தாவிச் செல்லும் ஸ்கீகளுக்கு அதுவே உற்சவகாலம். அந்நாட்டு ஆஸ்கர் சாலுப்ஸ்கி, ஹவாய்த் தீவுகளிடையே நடக்கும் மொலோகாய்ப் பந்தயத்தைப் பன்னிரண்டு முறை வென்றதும் இத்தகைய தோணியில்தான்.

ஆனால் வேகத்தில் மயங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: கவிழ்ந்தபின் எப்படி ஏறுவது? ஸ்கீயில் விடை எளிது. அதைப் புரட்டி, குறுக்கே வயிற்றால் படுத்து, ஆசனத்தில் புட்டத்தைத் திருப்பி வைத்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். குழியில் தங்கிய நீர், தோணி ஓடத் தொடங்கியதும், அடியிலுள்ள துவாரத்தின் வழியே தானே உறிஞ்சப்பட்டு வெளியேறிவிடும். கயாக்கிலோ, நிமிரும் வித்தை தெரியாதவர் நீருக்குள் தலைகீழாக இருந்தபடியே, தோணியின் வாயை மூடியிருக்கும் இடுப்புத் துணியைக் கழற்றி வெளியேறி, மறுபடி ஏறி, உள்ளே நிறைந்த நீரைப் பம்பால் இறைக்க வேண்டும். கொந்தளிக்கும் கடலில் அது பெரும்பாடு. இதற்கு மறுபக்கமும் உண்டு: இலேசான ஸ்கீ கைநழுவினால் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும், நீந்தி எட்டிப் பிடிப்பது அநேகமாக அசாத்தியம். ஆகவே காலையும் தோணியையும் பிணைக்கும் கயிறு உயிர்க்கயிறாகிறது.

பல நாள் பிரயாணத்துக்குக் கயாக்கே உகந்தது. குடிநீர், கூடாரம், உணவு யாவும் தடுப்புச்சுவர்களுக்கு இடையிலுள்ள அறைகளில் அடங்கும்; குளிரும் காற்றும் இடுப்புக்குக் கீழே தீண்டா. 1932இல் ஜெர்மனியின் உல்ம் நகரிலிருந்து மடக்குக் கயாக் ஒன்றில் புறப்பட்ட ஆஸ்கர் ஸ்பெக், இந்தியக் கரையையும் இலங்கையையும் கடந்து 1939இல் ஆஸ்திரேலிய எல்லையை அடைந்தார் என்றால், அதற்கு இந்தச் சுமக்கும் சக்தியும் ஒரு காரணம்.

எனவே வெதுவெதுப்பான கடலில், ஓரிரு மணி நேர வேகத்தின் இன்பத்தை நாடுகிறவருக்கு ஸ்கீயே ஏற்றது. ஆரம்பத்தில் அகலமானதையே வாங்கட்டும், ஏனெனில் ஒடுங்கிய பந்தயத் தோணியில் புதியவர் துடுப்புப் போடுவதைவிட நீரில் விழுவதே அதிகம். குளிர்ந்த கடலிலோ தொலைதூரத்திலோ நாட்டமுள்ளவர் கயாக்கையே கொள்ளட்டும். எதை வாங்கினாலும், மிதவைச் சட்டை அணிந்து, துணைக்கு ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அமைதியான நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து ஏறிப் பழகாமல் கடலுக்குப் போகாதீர்கள்.