முறை வரும்வரை காத்திருந்த கணினி

சூளையில் அடுக்கிய அகல் விளக்குகள் வெந்து, ஆறி, வெளியே எடுக்கப்படும்வரை அடுத்த லோடு காத்திருக்கத்தான் வேண்டும். விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. அவர்களுக்குப் பில் போட 1990களில் வந்த கணினியும் அப்படித்தான் வேலை செய்தது. அது எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தின் காலம். ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் ஓடும். சரக்குக் கணக்கிலிருந்து கடிதம் தட்டச்சு செய்யப் போகவேண்டுமானால், முதல் நிரலை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கவேண்டும்.

பெரிய கணினிகளுக்கு இந்தக் குறை அதற்கு வெகுகாலம் முன்பே தீர்ந்திருந்தது. சென்னை ஐஐடிக்கு 1973இல் வந்த ஐபிஎம் 370 வகைக் கணினிகள் பல வேலைகளை நினைவகத்தில் வைத்திருக்கும். ஒன்று தரவு நாடாவுக்காகக் காத்திருந்தால் இன்னொன்றைக் கவனிக்கும். அந்த வசதி சிறிய கணினிக்கும் சிற்றூருக்கும் வந்துசேரத்தான் இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

விண்டோஸ் 3.1 பல நிரல்களைத் திறக்கவிட்டது. ஆனால் ஓடும் நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் மற்றதற்கு முறை வரும்; ஒன்று சிக்கிக்கொண்டால் எல்லாமே நின்றுவிடும். விண்டோஸ் 95 புதிய 32-பிட் நிரல்களுக்கு அந்த நிலையை மாற்றியது. கடிகாரக் குறிப்பு வந்ததும் இயங்குதளமே முறையைப் பறித்து அடுத்த நிரலுக்குக் கொடுத்தது.

இன்று ஒரே நிரலுக்குள்ளும் பல வேலைகள் நடக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பிராசஸ் என்கிறோம். ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி நினைவகம் உண்டு. ஒன்று இன்னொன்றின் இடத்தில் கை வைக்க முடியாது. ஒரு பிராசஸுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைத் தொடர்கள்தான் திரெட்கள்; அவை அந்தப் பிராசஸின் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் இரண்டையுமே ‘டாஸ்க்’ என்று ஒரே வகையாகத்தான் வைத்திருக்கிறது. எதை எதைப் பகிர்வது என்பதில்தான் வேறுபாடு. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 ஆயிரக்கணக்கான திரெட்களை எளிதாகத் தாங்கியது. 2005இல் மேசைக் கணினிகளுக்கு இரட்டை கோர் சிப்கள் வந்தபின், மாறி மாறி நடந்த வேலைகள் உண்மையிலேயே ஒரே கணத்தில் நடக்கத் தொடங்கின.

பகிர்வதில் ஆபத்தும் இருக்கிறது. இருப்பில் 100 விளக்குகள். ஒரு திரெட் 10 விளக்குகள் விற்றதைக் கழிக்கிறது. அதே சமயம் இன்னொன்று 20 கழிக்கிறது. இரண்டும் 100 என்றே படித்திருந்தால், கடைசியில் எழுதியதுதான் நிற்கும்: 80 அல்லது 90. சரியான விடையோ 70. ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது தொடாதபடி பூட்டுப் போடவேண்டும். அந்தப் பொறுப்பு நிரல் எழுதுபவருடையது.

கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு செயலியும் தனி அடையாள எண்ணோடு தனி லினக்ஸ் பிராசஸாக ஓடுகிறது. ஒன்று விழுந்தாலும் மற்றவை பிழைக்கும். திரையைக் கவனிக்கும் முதன்மைத் திரெட், விரல் தொட்டதற்கு 5 நொடி பதில் தராவிட்டால் ‘பதிலளிக்கவில்லை’ என்ற அறிவிப்பு வருகிறது. கனமான வேலையை வேறு திரெட்டுக்குத் தள்ளாத நிரலின் குற்றம் பெரும்பாலும் அது.

அன்று ஐஐடிக்குள் போனவர்களுக்கே கிடைத்த இயந்திரத்தைவிட எவ்வளவோ வேகமானது இன்று விருத்தாசலம் மாணவரின் பையில் இருக்கிறது. தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. உள்ளே நடப்பதைத் திறந்து பார்க்கவிடும் இயங்குதளம் அது. கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியிலும் ஊர்ப் பள்ளிகளிலும் கணினி சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிராசஸுக்கும் திரெட்டுக்கும் இலக்கணத்தை மனப்பாடம் செய்யவைத்து நிறுத்திவிடாதீர்கள். லினக்ஸில், ஓடும் பிராசஸ்களைக் காட்டும் ‘டாப்’ கட்டளையைத் தட்டச் சொல்லுங்கள். பூட்டில்லாத இரண்டு திரெட்களை எழுதவைத்து, கணக்கு தப்புவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கவிடுங்கள்.