வடிவமும் உள்ளிடமும்: கணிப்பொறிக்கான பண்புவழி விளக்கம்

'கிண்ணத்தில் பழம் இருக்கிறது' என்னும் தொடரின் பொருள் குழந்தைக்கும் எளிதில் விளங்கும். ஆனால், பழம் கிண்ணத்தின் உலோகத்துக்குள் இல்லை. அதன் குழிவில் உள்ளது. குழிவோ கிண்ணத்தின் பகுதியன்று. கிண்ணத்தின் வடிவத்தால் அமையும் வெற்றிடமாகும். எனவே '-இல்' உருபின் பொருளைக் கணிப்பொறிக்கு உணர்த்த வடிவ விளக்கம் இன்றியமையாததாகிறது.

வடிவத்தை நீளம், கோணம் முதலிய அளவுகளால் குறிக்கலாம். ஆயினும், அளவறியாமலேயே மனிதர் கிண்ணத்தையும் பலகையையும் வேறுபடுத்துகின்றனர். அளவுகளை விடுத்து, இன்றியமையாத வேறுபாடுகளை மட்டும் குறிப்பதே பண்புவழி விளக்கம் எனப்படும்.

1992இல் ராண்டெல், சுய், கோன் ஆகியோர் வெளியிட்ட இட இணைப்புக் கோட்பாடு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 'இணைந்திருத்தல்' என்னும் ஒரே அடிப்படை உறவிலிருந்து விலகியிருத்தல், தொட்டிருத்தல், உள்ளடங்குதல் முதலிய எட்டு உறவுகள் இதில் வரையறுக்கப்படுகின்றன. எனினும், இணைப்பை மட்டும் நோக்கினால் கிண்ணமும் பலகையும் வேறுபடா. இரண்டும் துளையற்ற, பிரிவற்ற பொருள்களே.

இவ்விடத்தில் 'குவிவுறை' என்னும் கருத்து துணை செய்கிறது. ஒரு பொருளை முழுவதும் அடக்கும், குழிவற்ற வடிவங்களுள் மிகச் சிறியதே அதன் குவிவுறை. பலகையும் அதன் உறையும் ஒன்றே. கிண்ணத்தின் உறையிலிருந்து கிண்ணத்தை நீக்கினாலோ குழிவு எஞ்சும். அது ஒருபுறம் மட்டும் திறந்திருப்பது கிண்ணம்; இருபுறமும் திறந்திருப்பது குழாய். எஞ்சிய குழிவின் வடிவத்தையும் இம்முறையிலேயே படிப்படியாக விளக்கலாம் எனக் கோன் 1995இல் காட்டினார்.

ஆயினும், மொழி வழக்கு இவ்வரையறைக்குள் முற்றிலும் அடங்குவதில்லை. குவித்து வைத்த பழங்களுள் உச்சியிலுள்ளது உறைக்கு வெளியே நிற்கிறது; அதுவும் 'கிண்ணத்தில்' இருப்பதாகவே கூறப்படும். கவிழ்த்த கிண்ணம் மூடிய பழம் உறைக்குள் உள்ளது. அது 'கிண்ணத்துக்கு அடியில்' இருப்பதாகவே பெரிதும் கூறப்படும். முன்னதில் கிண்ணம் பழங்களைத் தாங்குகிறது, பின்னதில் தாங்கவில்லை.

ஆகவே, குழிவைக் கண்டறிவது '-இல்' உருபை விளக்குவதன் முதற்படி மட்டுமே. தாங்குதல், ஏந்துதல் ஆகிய பயன்பாட்டு உறவுகளும் வடிவ விளக்கத்துடன் இணைந்தாலன்றிக் கணிப்பொறியின் 'உள்' மொழி பேசுவோரின் 'உள்' ஆகாது.