நாமினி என்றால் வாரிசா? ஃபார்மில் இருக்கும் அந்த ஒரு வார்த்தையின் கதை

பேங்க் கணக்கோ, இன்ஷூரன்ஸோ, பி.எஃப்.போ, எந்த ஃபார்மை எடுத்தாலும் 'நாமினி' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரிதாக யோசிக்காமல் அம்மா பேரையோ மனைவி பேரையோ எழுதிட்டு நகர்ந்துடுவோம். 'நமக்குப் பிறகு பணம் அவங்களுக்குத்தான்' என்ற நினைப்புதான் காரணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

லத்தீனில் 'நோமென்' என்றால் பெயர். (நம்ம ஊருக்கு சமஸ்கிருதம் வழியாக வந்த 'நாமம்' இதற்குத் தூரத்துச் சொந்தம்.) அதிலிருந்து பிறந்தது 'நாமினேட்', அதாவது ஒருவரின் பெயரைக் குறிப்பிடுவது. கடைசியில் இருக்கும் 'ஈ' பிரெஞ்சு வாசனை. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அங்கே வக்கீல்கள் பல நூற்றாண்டுகள் பிரெஞ்சைப் புழங்கினார்கள். அந்த மிச்சம்தான் இது. வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், கொடுக்கப்பட்டவர் எம்ப்ளாயீ. அதே கணக்கில் நாமினி என்றால் பெயர் குறிப்பிடப்பட்டவர். அவ்வளவுதான், உரிமையாளர் என்ற அர்த்தம் அந்த வார்த்தைக்குள்ளேயே இல்லை. ஆஸ்கர் நாமினி கையில் விருதா இருக்கு?

1983-ல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இறந்தவரின் இன்ஷூரன்ஸுக்கு மனைவி நாமினி. அவரின் அம்மாவும் பங்கு கேட்டார். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது என்பது தீர்ப்பு. ஷேர்களுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. இன்ஷூரன்ஸில் மட்டும் 2015-ல் சட்டம் மாறியது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணத்தின் பலனும் அவர்களுக்கே.

பேங்க் டெபாசிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு பையன் முதல் வேலையில் சேர்ந்ததும் அம்மாவை நாமினியாகப் போடுறான். அப்புறம் கல்யாணம், ஒரு குழந்தை. உயில் எழுதாமல் இறந்துபோனால், 9 லட்சம் டெபாசிட்டை பேங்க் அம்மாவிடம்தான் கொடுக்கும். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மனைவி, குழந்தை மூவருக்கும் தலா 3 லட்சம். அப்பா இருந்தாலும் அவருக்குப் பங்கில்லை, இது பலருக்குத் தெரியாது. பேச்சுவழக்கில் நாமினியை 'வாரிசு' என்று சொல்லிப் பழகியதில்தான் பாதிக் குழப்பம். மாமியார்-மருமகள் சண்டை கோர்ட்டுக்குப் போவது இப்படித்தான்.

அப்போ நாமினி எதுக்கு? பேங்க் யாரிடம் பணத்தைக் கொடுப்பது என்று தடுமாறக் கூடாது, அதுக்குத்தான். நாமினி இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ் நடையிலிருந்து கோர்ட் வரை அலைச்சல் நீளலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். அந்தச் சதவீதமும் பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதற்குத்தான். யாருக்குச் சொந்தம் என்பதை நீங்களே முடிவு செய்யணும்னா, உயில்தான் எழுதணும்.

நாமினி பதிவாகியிருக்கிறதா என்பதை பாஸ்புக்கிலேயே பார்க்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட பெயர் என்றால், கிளையில் ஃபார்ம் கொடுத்து எப்போ வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.