பனியன் வந்த வழி

பனியன் கட்டு வந்து இறங்காத நாள் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் குறைவு. கம்பெனியிலிருந்து வரும் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டி, மடித்துக் கொடுக்கிற கூலியில்தான் சின்னவளின் பள்ளிக்கூடச் செலவு நடக்கிறது.

ஒருநாள் அவள் முகம் வாடி வந்தாள். அம்மா செய்யும் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்களாம். இவள் 'பனியன்' என்று எழுத, "அது இங்கிலீஷே இல்லை" என்று பக்கத்துப் பெண் சிரித்துவிட்டாளாம். "இனிமே உன் வேலையை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், போம்மா!" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

நான் பத்தாவது வரை படித்தவள். மறுநாளே நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினேன். பனியன் இருந்தது!

குஜராத்தியில் வியாபாரியை 'வாணியோ' என்பார்கள். நம் 'வணிகர்' என்ற சொல்லுக்குச் சொந்தம்தான். போர்ச்சுகீசியர் வாயில் அது 'பனியன்' ஆகி, ஆங்கிலேயரிடம் போனது. பாரசீக வளைகுடாக் கரையில், இன்றைய பந்தர் அப்பாஸ் அருகே, ஓர் ஆலமரத்தடியில் நம் வியாபாரிகள் கோயில் கட்டியிருந்தார்கள். 'பனியன்களின் மரம்' என்று வெள்ளைக்காரர்கள் சொல்லப்போய், ஆலமரத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது. அந்த வியாபாரிகள் சைவம் என்பதால், ஆங்கிலேயக் கடற்படையில் மாமிசம் போடாத நாள்கூட 'பனியன் நாள்' ஆயிற்று!

உடைக்கும் அப்படித்தான். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்து ஆண்கள் வீட்டில் உடுத்திய தொளதொள அங்கியும் பனியன்தான். 1666-ல் சாமுவேல் பெப்பிஸ் என்பவர் இப்படியோர் இந்திய அங்கியை வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு தம் படத்தை வரையச் செய்தார். பிறகு இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் உள்ளே போடும் சட்டையையும் பனியன் என்றார்கள். 1886-ல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலேயே இந்தப் பொருள் இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

இத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து சின்னவளிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "நம்ம வார்த்தையைத்தான் அவங்க வாங்கிட்டுப் போயிருக்காங்களா?" என்றாள்.

"ஆமாங்கண்ணு. வார்த்தை போய்த் திரும்பி வந்துருச்சு. இப்போ திருப்பூர்ல இருந்து துணி போகுது."

அன்று மாலை அவளாகவே கத்தரியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாடம் படிச்சுட்டு வா" என்று துரத்திவிட்டேன். மறுநாள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.